கிரைண்டரின் கவரை நான்தான் கழற்றினேன்

என் ஷெட்டில் மேஜைக்கு அடியில் பழைய 4 லிட்டர் பெயின்ட் டின் ஒன்று இருக்கிறது. எந்த வண்டியில் மிஞ்சியது என்று தெரியாத போல்ட்டுகள், வாய் தேய்ந்த ஸ்பேனர்கள், இனி உதவாது என்று தெரிந்தும் எறிய மனம் வராத சாமான்கள் எல்லாம் அதற்குள்தான் போகும். சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு சைலன்சரை அறுக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று, இரும்பு அறுக்கும் 4 அங்குல கிரைண்டரின் சக்கரத்தை மூடியிருக்கும் கவரைக் கழற்றி அந்த டின்னில் போட்டேன். வேலை முடிந்ததும் மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு திருகு, இரண்டு நிமிட வேலை. ஐப்பசி வரை அது டின்னிலேயே கிடந்தது. இடையில் கிரைண்டரின் பக்கவாட்டுக் கைப்பிடியும் அதே டின்னுக்குள் போய்ச் சேர்ந்தது. ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிரைண்டர் என் இடது உள்ளங்கையைக் கிழித்தது.

அம்பத்தூர் பக்கம் சின்னதாக ஒரு கார் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். உள்ளே இரண்டு கார் நிற்கும், மூன்றாவது வந்தால் தெருவில்தான். இந்தத் தொழிலுக்கு வந்து 17 ஆண்டுகள், சொந்த ஷெட் போட்டு 9 ஆண்டுகள். உதவிக்கு ஒரு தம்பி இருக்கிறான். கையில் கிரீஸ் படாமல் வேலை பார்க்கிறவன் இல்லை நான். அதே சமயம் அதுவரை தையல் போடும் அளவுக்கு ஒரு காயம்கூடப் பட்டதில்லை. அந்தப் பெருமைதான் பாதி வினை என்று இப்போது தோன்றுகிறது. 17 ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை என்பதை என் கைத்திறனுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி திருவொற்றியூரிலிருந்து வந்தது. கடற்கரை ஓரம் நிற்கும் கார்களின் அடிப்பாகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. முன் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கையின் புஷ் (ரப்பர் உருளை) போய்விட்டது, மாற்ற வேண்டும். நட் சுலபமாகக் கழன்றது. போல்ட் வரவில்லை. புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒரே துண்டாகிவிட்டிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு இரவு முழுவதும் ஊறவிடுவது, அதற்கும் மசியாவிட்டால் மறுநாள் பக்கத்து ஷெட்டில் ஏர் ஹேமர் என்ற காற்றுச் சுத்தியலைக் கடன் வாங்கி அடிப்பது என்பதுதான் முறை. ஆனால் வண்டிக்காரர் திங்கள் விடியற்காலையில் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் புறப்பட வேண்டும். "எப்படியாவது முடித்துக் கொடுத்துவிடுங்கள், உங்களை நம்பித்தான் இருக்கிறேன்" என்று போனில் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. "செவ்வாய்க்கிழமைதான் ஆகும், சார்" என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. தீபாவளி நேரத்தில் ஒரு வாடிக்கையாளரை இழக்க மனமில்லை.

தம்பி ஊருக்குப் போயிருந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாக வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு விஷயத்தை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தேன். வண்டியை ஜாக்கியில் தூக்கியபின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்திருந்தேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளி, ஜாக்கி மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் எவனாவது தலையை நீட்டினால் ஸ்பேனரால் காலில் தட்டுவார். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுத்தாலும் தட்டு விழும். ஜாக்கியின் எண்ணெய் சீல் சொல்லிவிட்டுப் போகாது, கல் விரிசல் விட்டுக்கொண்டு விழாது, ஒரேயடியாக நொறுங்கும் என்பார். அந்த அடி உடம்பில் இருந்ததால் ஸ்டாண்டு தானாக வந்தது. கிரைண்டரைப் பற்றி அப்படி யாரும் என்னை அடித்ததில்லை. அவர் காலத்தில் ஷெட்டுகளில் ஹேக்ஸா பிளேடுதான்.

நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே போல்ட்டை அறுக்க வேண்டும். இடம் விரல் நுழையாத சந்து. கவர் இருந்திருந்தால் மெஷின் அந்தக் கோணத்தில் உள்ளே போயிருக்காது. கவர் போகாத இடத்தில் அந்த மெஷின் போகக் கூடாது என்றுதான் அதற்குப் பொருள் என்பது பிறகு புரிந்தது. வலது கையில் மெஷின். கைப்பிடி டின்னில் இருந்ததால் இடது கைக்கு வேலையில்லை. வேலையில்லாத கை சும்மா இருக்குமா? அது போய் லோயர் ஆர்மைப் பிடித்துக்கொண்டது, கிரைண்டரின் அறுக்கும் சக்கரத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். நூலில் பின்னிய துணிக் கையுறை வேறு போட்டிருந்தேன். கிரைண்டரின் சுவிட்சை லாக் செய்திருந்தேன், விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

போல்ட் முக்கால்வாசி அறுந்ததும் ஆர்மின் எடை அந்த வெட்டின் மேல் இறங்கியது. அடியில் ஒரு ஜாக்கியை முட்டுக் கொடுத்திருந்தால் இறங்கியிருக்காது. வெட்டின் வாய் மூடிக்கொண்டு சக்கரத்தைக் கவ்வியது. மரம் அறுப்பவர்கள் ரம்பம் கவ்வாமல் இருக்க ஆப்பு அடிப்பார்களே, அதே கதைதான். கவ்விய வேகத்தில் மெஷின் என் கையிலிருந்து எகிறியது. வலி தெரியவில்லை. கையுறையின் நூல் ஒன்று இழுபடுவது மட்டும் தெரிந்தது, சட்டையை யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல. மெஷின் தரையில் விழுந்து, லாக் போட்டிருந்ததால் நிற்காமல், அடிபட்ட பாம்பு மாதிரி வட்டமடித்தது. கடைசியில் தன் வயரைத் தானே இழுத்து பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓய்ந்தது. அப்போதுதான் கையைப் பார்த்தேன். மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் கையுறை பிளந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகுதான் ரத்தம் வந்தது.

வேலையில்லாமல் வீட்டில் கிடந்தபோது ஒரு கணக்குப் போட்டேன். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பு அப்படியானால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. என் ஷெட்டுக்கு வரும் எந்த வண்டியும் அந்த வேகத்தை எட்டியதில்லை. அதை ஒற்றைக் கையில், கவர் இல்லாமல், குனிந்த முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். கவர் தீப்பொறியைத் தடுக்கத்தான் என்று பல மெக்கானிக்குகள் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். சக்கரம் உடைந்தால் துண்டுகளையும், எகிறினால் கையையும் தடுப்பதற்காக இருப்பது அது. அதே போல, பக்கவாட்டுக் கைப்பிடி மெஷினை அழுத்திப் பிடிக்க மட்டும் கொடுக்கப்படுவதில்லை. இரண்டாவது கையை ஒரு இடத்தில் கட்டிப்போடத்தான் அது இருக்கிறது. கைப்பிடியில் இருக்கும் கை அறுபடாது.

முதல் பத்து நிமிடத்தில் செய்த தவறுகள் தனிக் கதை. கைக்குக் கிடைத்த வேஸ்ட் துணியை எடுத்துக் காயத்தில் சுற்றினேன். அது கியர் ஆயில் துடைத்த துணி. போனை எடுத்தேன், வலது கட்டைவிரல் ரேகையில்தான் அது திறக்கும், விரலில் ரத்தமும் கிரீஸும். திறக்கவில்லை. எண் போட்டும் திறக்கலாம் என்பது அந்த நேரத்தில் மூளைக்கு எட்டவில்லை. பூட்டிய திரையிலேயே அவசர அழைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டு 108 அழைக்கலாம் என்பது பிறகு என் பத்தாம் வகுப்பு மகள் சொல்லித்தான் தெரிந்தது. தனியாக வேலை செய்யும் யாராக இருந்தாலும், இதைப் படித்து முடிப்பதற்கு முன் உங்கள் போனில் ஒருமுறை அந்தத் திரையை எடுத்துப் பாருங்கள். ஷட்டரைப் பாதி இறக்கியதும் தவறுதான். உள்ளே நான் மயங்கி விழுந்திருந்தால் தெருவில் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்காது.

குனிந்து ஷட்டருக்கு வெளியே வந்து எதிர் வரிசையில் இருக்கும் டீக்கடைக்கு நடந்தேன். அங்கே ஒருவர் காபித் தூளை வைத்து அழுத்தச் சொன்னார். இன்னொருவர் மஞ்சள் தூள் என்றார். கடைக்கார அக்காதான் இருவரையும் அதட்டிவிட்டு, ஆயில் துணியைப் பிரித்து எறிந்தார். துவைத்து மடித்த துண்டு ஒன்றை வைத்து இறுக்கி அழுத்தி, "கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள், தம்பி, இறக்காதீர்கள்" என்றார். அவ்வளவுதான் முதலுதவி, அதுவே சரியான முதலுதவி. காயத்தில் எதையும் தூவக் கூடாது. தூவியதை எல்லாம் மருத்துவர் ஒவ்வொன்றாகக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். என் விரல் துண்டாகவில்லை. துண்டாகியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிறகு மருத்துவமனையில் கற்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். நேராக ஐஸில் போட்டால் சதை கெட்டுவிடும்.

ஆட்டோவிலிருந்து மனைவிக்குப் போன் செய்யச் சொன்னேன். "அவருக்குக் கிரைண்டரில் கை மாட்டிவிட்டது" என்று ஆட்டோக்காரர் சொல்லியிருக்கிறார். அவள் சமையலறையில் மாவு ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரைத் திரும்பிப் பார்த்தாளாம். பிறகு இதைச் சொல்லிச் சிரித்தோம், ஆனால் பல நாள் கழித்துத்தான்.

அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குப் போனோம். ஞாயிறு இரவு, பணியில் ஒரு இளம் மருத்துவர் மட்டும். காயத்தைக் கழுவி, 9 தையல் போட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு, இரண்டு விரலையும் நிமிர்த்தி வைத்துக் கட்டினார். 6,800 ரூபாய். "ஆழமாகப் படவில்லை, அதிர்ஷ்டம்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வீட்டுக்கு வந்து சாமிக்குக் கற்பூரம்கூட ஏற்றினோம்.

11ஆம் நாள் தையல் பிரித்தார்கள். தோல் அழகாக ஒட்டியிருந்தது. கையை மடக்கிப் பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் உள்ளங்கைக்கு வந்தன. மோதிர விரலும் சுண்டுவிரலும் நீட்டிக்கொண்டு நின்றன, யாரையோ சுட்டிக்காட்டுவது போல. மோதிர விரலின் வெளிப்பக்கம் மரத்திருந்தது. "வீக்கம், போகப் போகச் சரியாகும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்தடுத்த வருகைகளும் மாத்திரையுமாக இன்னொரு 2,400 ரூபாய். என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. துருப்பிடித்த இடத்தைச் சுரண்டாமல் அதன் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பது. வெளியே பளபளக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். நானே ஒருவனை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். என் கையில் அதையே செய்தபோது எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் கார் விடும் ஒரு அம்மா, அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். 17ஆம் நாள் வண்டியைப் பற்றிக் கேட்க வந்தவர் கையைப் பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்காரச் சொன்னார். ஒரு விரலின் நடுக்கணுவை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னார். பிறகு மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு விரலை மட்டும் மடக்கச் சொன்னார். பிறகு பேனா மூடியால் விரலின் இரண்டு பக்கமும் தொட்டு, "தெரிகிறதா?" என்றார். மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. "இது வீக்கம் இல்லை, தம்பி. தசைநாண் அறுந்திருக்கிறது. நாளைக் காலையிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது" என்றார். அந்த ஒரு நிமிடச் சோதனையை முதல் நாளே தையல் போடுவதற்கு முன் செய்திருக்க வேண்டும். உள்ளங்கையிலோ விரலிலோ மணிக்கட்டிலோ வெட்டுக் காயம் பட்டு யாரிடம் போனாலும், தைக்கும் முன்னால் நீங்களே கேளுங்கள்: ஒவ்வொரு விரலையும் ஒவ்வொரு கணுவாக மடக்கிப் பார்த்தீர்களா, விரலின் இரண்டு பக்கமும் உணர்ச்சி இருக்கிறதா பார்த்தீர்களா? தோலில் காயம் சின்னதாக இருப்பதற்கும் உள்ளே அறுந்திருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இங்கே மொழியும் கொஞ்சம் காலை வாரியது. நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். ரத்தக் குழாய் அறுந்தாலும் நரம்பு, தசைநாண் அறுந்தாலும் நரம்பு, உணர்ச்சி போனாலும் நரம்பு. "நரம்பு ஒன்றும் அறுபடவில்லையே?" என்று முதல் நாள் நான் கேட்டேன், "இல்லை" என்றார்கள். நான் எதைக் கேட்டேன், அவர்கள் எதற்குப் பதில் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மெக்கானிக் பாஷையில் சொன்னால் புரியும்: தசைநாண் என்பது பிரேக் கேபிள், நரம்பு என்பது சென்சார் வயர். எனக்கு இரண்டும் போயிருந்தன. கேபிள் அறுந்தால் அதன் முனை உள்ளே சுருங்கிக்கொண்டு போய்விடுகிறது. நாளாக ஆக இன்னும் உள்ளே போகிறது, தசையும் இறுகிவிடுகிறது.

ஸ்டான்லியில் கூட்டம், காத்திருப்பு எல்லாம் உண்டு, மறைக்கவில்லை. காலை 7 மணிக்குப் போய் மதியம்தான் வெளியே வந்தேன். ஆனால் கையைப் பார்த்த மருத்துவருக்கு விஷயம் புரிய இரண்டு நிமிடம்தான் ஆனது. முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் இரண்டு விரலிலும் அறுந்த முனைகளை நேராகச் சேர்த்திருக்கலாம் என்றார். விபத்து நடந்த 22ஆம் நாள் அறுவைச் சிகிச்சை. சுண்டுவிரலின் நாணைச் சிரமப்பட்டு இழுத்துச் சேர்த்துவிட்டார்கள். மோதிர விரலுக்கு எட்டவில்லை. முன்கையிலிருந்து மெல்லிய நாண் ஒன்றை எடுத்து ஒட்டுப் போட்டார்கள். கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் புடைத்து நிற்குமே, அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காதாம், இல்லாவிட்டாலும் கைக்கு ஒன்றும் குறையாதாம். எனக்கு இருந்தது. தோள்பட்டைக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் மருத்துவர்கள் பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. "கிரைண்டரா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், அவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை.

ஆறு வாரம் கையின் பின்புறம் ஒரு தாங்கு கட்டை, விரல்கள் மடங்கிய நிலையில். வலது கையால் இடது விரல்களை மெதுவாக மடக்கிவிடலாம், தானாக மடக்கக் கூடாது. ஒட்டுப் போட்ட நாண் இந்த நாட்களில்தான் மறுபடி அறுந்துபோக வாய்ப்பு அதிகம். நன்றாகிவிட்டதா என்று சோதித்துப் பார்க்கும் ஆசையைவிடப் பெரிய எதிரி இல்லை. நான்காவது வாரம் மேஜையிலிருந்து ஒரு டம்ளர் உருண்டது, என்னை மீறி இடது கை பாய்ந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. 12 வாரம் வரை கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றார்கள்.

பணத்தைப் பேசிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குச் செலவில்லை. போக்குவரத்து, வெளியில் வாங்கிய மருந்து, சில்லறைச் செலவு 5,500. முதல் மருத்துவமனைக்கு அழுதது 9,200. நான்கு மாதம் ஷெட் வாடகை 56,000. தம்பியை அனுப்ப மனமில்லை, நான்கு மாதச் சம்பளம் 48,000. சின்னச் சின்ன வேலையாக அவன் செய்ததில் கிடைத்தது மின்கட்டணத்துக்கும் டீக்கும் போனது. நான் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் மாதம் 35,000 என்று வைத்தால் அது 1,40,000. மொத்தம் 2,58,700 ரூபாய். மனைவியின் வளையல்கள் 80,000 ரூபாய்க்கு அடகில் இருக்கின்றன, வட்டி தனி. வாடிக்கையாளர்களில் பத்துப் பேராவது வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார்கள், அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

காப்பீடு? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்தால், சம்பள வரம்புக்கு உட்பட்ட தொழிலாளிக்கு இஎஸ்ஐ எனும் அரசுக் காப்பீடு உண்டு. ஒரு முதலாளியும் ஒரு தம்பியும் உள்ள ஷெட்டுக்கு அது கட்டாயம் இல்லை, அதிலும் முதலாளி எங்கேயும் கணக்கில் வரமாட்டான். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி விபத்துக் காப்பீடு எனக்கு இருந்தது. அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஒரு கையின் பயன் முழுக்கப் போனால் 1 லட்சம். இரண்டு விரல் பாதி மடங்கவில்லை என்பதற்கு ஒன்றும் கிடையாது. போடுங்கள், 20 ரூபாய்தானே, ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாரக் கணக்கில் பணம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடுகள் இருக்கின்றன. கையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு வேண்டியது அதுதான். பாலிசி எடுக்கும்போது வாராந்திரத் தொகை இதில் உண்டா என்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, எழுத்தில் பாருங்கள்.

சும்மா இருந்த நாட்களில் தினமும் ஷெட்டுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். கை வேலை செய்யாதபோது கண் வேலை செய்கிறது. அன்று நான் தீப்பொறி பறக்க அறுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஆறடியில் ஒரு பேட்டரி சார்ஜில் இருந்தது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் அடிக்கும். அதற்குப் பக்கத்தில் சாமான் கழுவ வைத்திருந்த பெட்ரோல், வாய் திறந்த டப்பாவில். என் கையை வெட்டியது அன்று நடந்திருக்கக்கூடியவற்றில் மிகச் சின்னது என்று உறைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. இப்போது சார்ஜர் ஷெட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில். சாமான் கழுவ மண்ணெண்ணெய் போன்ற கிளீனர்தான், மூடியோடு. பெட்ரோல் கிடையாது.

அறுக்கும் சக்கரங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அதன் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும் என்பது 17 ஆண்டு அனுபவசாலியான எனக்கு அதுவரை தெரியாது. ஒட்டுப் பசையால் ஆன பொருள் அது, ஈரம் பட்டாலும் நாளானாலும் பலம் குறையும். என்னிடம் இருந்தவற்றில் பாதி காலம் கடந்தவை, சில மழைக்காலத்தில் தரையில் கிடந்தவை. இன்னொன்றும் அதில் எழுதியிருக்கும், அதிகபட்சம் எத்தனை சுற்று என்று. அது மெஷினின் சுற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். 7 அங்குலச் சக்கரம் சுமார் 8,500 சுற்றுக்குச் செய்யப்பட்டது. தேய்ந்து சிறுத்த 7 அங்குலச் சக்கரத்தை வாஷர் வைத்து 4 அங்குல மெஷினில் மாட்டிச் சிக்கனம் பிடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சிக்கனம் இல்லை, வெடிகுண்டு. அறுக்கும் சக்கரத்தின் பக்கவாட்டில் வைத்துத் தேய்ப்பதும் அப்படித்தான், அந்த மெல்லிய தகடு பக்கவாட்டு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. புதுச் சக்கரம் மாட்டினால் நாங்கள் இப்போது ஒதுங்கி நின்று அரை நிமிடம் சும்மா ஓடவிடுகிறோம்.

கிரைண்டரையும் மாற்றிவிட்டேன். பிடியை விட்டால் தானாக நிற்கும் சுவிட்ச் உள்ளது வாங்கினேன், லாக் கிடையாது. தம்பிக்குப் பிடிக்கவில்லை, விரல் வலிக்கிறது என்கிறான். வலிக்கட்டும். துணிக் கையுறை சுற்றும் எந்த மெஷினுக்கும் கூடாது, நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். கிரைண்டருக்குக் கைக்கு இறுக்கமான தோல் கையுறை, டிரில்லிங் மெஷினுக்கு வெறும் கை. கண்ணாடி மட்டும் போதாது, முகத்தை மூடும் ஷீல்டும் வேண்டும். சக்கரம் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும்படி மெஷின் மேலேயே போட வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் கிரைண்டர் எடுப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை ஷெட் திறப்பதில்லை. இந்தக் கடைசி விதியை இரண்டு முறை மீறிவிட்டேன், வாடகை அப்படி. ஆனால் கிரைண்டரைத் தொடவில்லை.

அந்தத் திருவொற்றியூர் வண்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விபத்துக்கு இரண்டாம் நாள் பக்கத்து ஷெட் அண்ணன் ஏர் ஹேமர் கொண்டுவந்தார். தம்பி ஆர்முக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்தான், நாற்பது நிமிடத்தில் போல்ட் வெளியே வந்துவிட்டது. வண்டிக்காரர் குடும்பத்தோடு பஸ்ஸில் ஊருக்குப் போய்வந்தார். திரும்பியதும் வீட்டுக்கு வந்து பார்த்து, "செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் பஸ் டிக்கெட் எடுத்திருப்பேனே" என்றார். அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

தாங்கு கட்டையை எடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மோதிர விரலை முடிந்த மட்டும் மடக்கி, நுனிக்கும் உள்ளங்கைக்கும் உள்ள இடைவெளியை வெர்னியரில் அளந்து ஷெட் சுவரில் உள்ள நாட்காட்டியில் எழுதுகிறேன். முதல் அளவு 43 மில்லிமீட்டர். பிறகு 38, 31, 31, 26 என்று இறங்கியது. சின்ன நட்டை எடுக்க இன்னும் மோதிர விரலை நம்ப முடியாது, போல்ட்டில் மரை ஒழுங்காக ஏறுகிறதா என்று அந்த விரலுக்குத் தெரிவதில்லை. பயிற்சி கொடுப்பவர் பஞ்சுப் பந்தை இன்னும் இரண்டு மாதம் அமுக்கச் சொல்லியிருக்கிறார். போன ஞாயிறு 14. அதற்கு முந்தைய ஞாயிறும் 14தான்.